ஒன்றாம் வகுப்புக் கணக்குக்கு ஒரு பேராசிரியர்

மாசிக் கடைசி ஞாயிறு, சமயபுரம். பூச்சொரிதல் தொடங்கும் நாள். திருச்சிப் பக்கத்துப் பூவெல்லாம் அன்றைக்குத் தட்டுத் தட்டாக மாரியம்மனுக்குத்தான். அடுத்த இருபத்தெட்டு நாளும் ஊருக்காக அம்மனே பச்சைப்பட்டினி கிடப்பதாக ஐதீகம். துள்ளுமாவும் பானகமும் நீர்மோரும் இளநீரும்தான் நைவேத்தியம். கடைவீதியில் ஒரு பூக்கடை முன்னால் நிழலுக்கு ஒதுங்கி நின்றேன். கடையில் ஒரு பாட்டி, பக்கத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி. பள்ளி விடுமுறை என்பதால் துணைக்கு வந்திருக்கிறாள்.

ஒரு பெண்மணி கதம்பம் கேட்டார். முழம் முப்பது ரூபாய், ஐந்தரை முழம். அளந்தது பாட்டி. பேத்தி அளந்தால் யாரும் வாங்கமாட்டார்களாம்; அவள் கை குட்டை, முழமும் குட்டை. ஆனால் கணக்கு அவளுடையது. "அஞ்சு நூத்தம்பது, அரை பதினஞ்சு, நூத்தறுவத்தஞ்சுக்கா" என்றாள். இருநூறு ரூபாய் நோட்டை வாங்கிக்கொண்டு, முதலில் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்து "எழுவது", பிறகு ஒரு இருபதும் ஒரு பத்தும் வைத்து "இருநூறு" என்று முடித்தாள். கழிக்கவே இல்லை. நூற்று அறுபத்தைந்திலிருந்து ஏறி இருநூறுக்கு வந்துவிட்டாள்.

கூட்டம் சற்றுக் குறைந்ததும் என் குறிப்பேட்டில் 200 − 165 என்று எழுதி நீட்டினேன். ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, கோடு போட்டு, விடை எழுதினாள்: 165.

எப்படி வந்தது என்று கேட்டேன். "சைபர்ல அஞ்சு போகாது சார். அதனால அஞ்சுல சைபரக் கழிச்சேன்." பத்தாம் இடத்திலும் அதே. நூறாம் இடத்தில் இரண்டில் ஒன்று போக ஒன்று. 165 ரூபாய்க்குப் பூ வாங்கி, இருநூறைக் கொடுத்து, 165 ரூபாய் மீதி வாங்கிக்கொண்டு போகலாம் என்றால் இந்தக் கடை நாளைக்கு இருக்குமா? அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "அது கணக்கு சார், இது பூ" என்றாள்.

இந்தப் பிழையை ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். 'கவனக் குறைவு' என்று சிவப்பு மையில் எழுதியும் இருப்பார்கள். ஆனால் அவள் கவனம் குறையவில்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று எப்போதோ மனத்தில் தங்கிவிட்ட ஒரு விதியை இம்மி பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறாள். அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் 1978-ல் இதைத்தான் எழுதினார்கள். குழந்தைகளின் கழித்தல் பிழைகள் கண்டபடி வருபவை அல்ல; ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஒழுங்கான, ஆனால் தவறான விதி இருக்கிறது. அந்த விதியைக் கண்டுபிடித்துவிட்டால் அந்தக் குழந்தை அடுத்த கணக்கில் என்ன விடை எழுதும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட பிழைகளின் பட்டியலைத் தயாரிப்பதே சிலருக்கு வாழ்நாள் ஆராய்ச்சியானது.

தொடக்கப் பள்ளிக் கணக்கை ஆராய்வதற்கென்று ஒரு பல்கலைக்கழக வாழ்க்கையா என்று புருவத்தை உயர்த்துபவர்கள் நம்மூரில் அதிகம். ஒன்றும் ஒன்றும் இரண்டு. அதில் ஆராய என்ன இருக்கிறது?

தேங்காய் விற்ற பையன்

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருக்களில் டெரெசினா நூனெஸ், டேவிட் காரஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகிய மூவரும் செய்த ஆய்வு 1985-ல் வெளிவந்தது. சந்தையில் விற்கும் ஐந்தே குழந்தைகள். ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்போலப் போய்த் தேங்காய் கேட்டார்கள், எலுமிச்சை கேட்டார்கள், மீதிச் சில்லறை கேட்டார்கள். நூற்றுக்கு 98 விடைகள் சரி. பிறகு அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது சரியானவை நூற்றுக்கு 37 மட்டுமே. தேங்காய் ஒன்று 35 குரூஸேரோ, பத்துத் தேங்காய் எவ்வளவு என்று ஒரு பையனிடம் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் சொல்வது எளிது, 35-க்குப் பின்னால் சைபர் போடு. அவன் மூன்று தேங்காய்க்கு 105 என்று தொடங்கினான். இன்னொரு மூன்று, 210. பிறகு மூன்று, கடைசியில் ஒன்று என்று சேர்த்து 350-க்கு வந்து சேர்ந்தான். மூன்று மூன்றாக விற்றுப் பழகிய கை.

இந்தியாவிலும் இது நடந்திருக்கிறது. டெல்லியில் பேப்பர் விற்கும், பான் கடையில் நிற்கும் பிள்ளைகளின் கணக்கை ஃபரீதா அப்துல்லா கான் ஆராய்ந்தார். மும்பைத் தாராவியில் சிறுதொழில்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளின் கணித அறிவைத் தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டார் அரிந்தம் போஸ். தாராவி என்றால் தமிழ்ப் பிள்ளைகள் இல்லாமலா? 2025-ல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியது. சந்தைப் பிள்ளைகள் தாளில் தடுமாறினார்கள் என்பது நாற்பது ஆண்டுப் பழைய செய்தி. பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள் என்பதுதான் எனக்கு உறைத்தது.

சமயபுரத்துக்கு இப்படி யாரும் வந்ததாகத் தெரியவில்லை. அகல்விளக்குக் கடையும் தேங்காய்க் கடையும் பூக்கடையுமாக நீளும் இந்த வீதியைவிட நல்ல ஆய்வுக்கூடம் எங்கே கிடைக்கும்?

மூன்றாம் வகுப்பில் ஒரு பேராசிரியர்

இந்த வாழ்க்கைப் பாதை எப்படி இருக்கும் என்று காட்ட ஒரே ஒருவரைச் சொல்லச் சொன்னால் டெபோரா பாலைச் சொல்வேன். தொடக்கப் பள்ளி ஆசிரியையாகத் தொடங்கியவர். முனைவர் பட்டம் பெற்று மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பிறகும் மூன்றாம் வகுப்பை விடவில்லை. நாள்தோறும் ஒரு பொதுப் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தினார். 1989-90 கல்வியாண்டு முழுக்க அந்த வகுப்பு வீடியோவில் பதிவானது. பிள்ளைகளின் நோட்டுகள், அவருடைய நாட்குறிப்பு எல்லாம் சேகரிக்கப்பட்டன.

ஒரு நாள் ஷான் என்ற பையன் எழுந்து, ஆறு இரட்டைப்படை எண்ணாகவும் இருக்கலாம், ஒற்றைப்படை எண்ணாகவும் இருக்கலாம் என்றான். நம் வகுப்பாக இருந்தால் 'உட்கார்' என்பதோடு முடிந்திருக்கும். பால் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆறில் மூன்று ஜோடி இருக்கிறது, மூன்று ஒற்றைப்படை, அதுதான் அவன் வாதம். மற்றப் பிள்ளைகள் மறுத்தார்கள், அப்படியானால் பத்தும் அப்படித்தானே என்று மடக்கினார்கள். ஆமாம், பத்தும்தான் என்றான். 2, 6, 10, 14 என ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஜோடிகள் கொண்ட எண்களுக்கு அந்த வகுப்பு 'ஷான் எண்கள்' என்று பெயரே வைத்துவிட்டது. எட்டு வயதுப் பையன் தவறாகச் சொன்னானா, புதிதாக ஒன்றைக் கண்டானா? ஆசிரியர் அந்த நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? இந்தச் சில நிமிடப் பதிவைப் பற்றி எழுதப்பட்ட கட்டுரைகளைக் கட்டினால் ஒரு தலையணை உயரம் வரும்.

ஹைமன் பாஸ் என்ற இயற்கணித மேதை, அமெரிக்கக் கணிதக் கழகத்தின் தலைவராகவே இருந்தவர், தம் வாழ்வின் பிற்பகுதியில் இந்த மூன்றாம் வகுப்பு வீடியோக்களைப் பாலுடன் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார். தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு வேண்டிய கணித அறிவு என்பது பொறியாளரின் கணிதத்தில் பாதி அல்ல, அது வேறு வகைக் கணிதம் என்பது இருவரும் சேர்ந்து வந்த முடிவு. விடை கண்டால் பொறியாளருக்குப் போதும். பூக்கடைப் பேத்தியின் 165 எங்கிருந்து வந்தது என்று ஆசிரியர் கண்டாக வேண்டும். பால் பின்னர் மிச்சிகன் பல்கலைக்கழகக் கல்வியியல் புலத்தின் தலைவராக 2005 முதல் 2016 வரை இருந்தார்.

இன்னொருவர் லிப்பிங் மா. சீனக் கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் கிராமத்துப் பள்ளியில் பாடம் எடுத்தவர், பின்னர் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1999-ல் வந்த அவருடைய நூலில் 23 அமெரிக்க ஆசிரியர்களிடமும் 72 சீன ஆசிரியர்களிடமும் கேட்ட ஒரு கேள்வி உலகப் புகழ் பெற்றது: ஒன்றேமுக்காலை அரையால் வகுங்கள், அதற்கு ஒரு கதையும் சொல்லுங்கள். சீன ஆசிரியர்கள் எல்லாரும் விடை கண்டார்கள். அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் தடுமாறினார்கள். பொருந்தும் கதை அவர்களில் ஏறக்குறைய யாருக்கும் வரவில்லை. அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டதுதான் பெரும்பாலும் காரணம். சமயபுரத்தில் இந்தக் கதைக்கு அலைய வேண்டாம். ஒன்றேமுக்கால் முழம் பூ, அரை முழம் அரை முழமாக நறுக்கினால் எத்தனை துண்டு? மூன்றரை. நம் ஆசிரியர்களிடம் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்று நான் பந்தயம் கட்டமாட்டேன்.

மூன்று பாதை, ஒரு சந்திப்பும் இல்லை

திருச்சிக்குக் கணிதத்தில் குறைச்சல் இல்லை. நாகப்பட்டினத்தில் 1844-ல் தொடங்கி 1883-ல் இங்கே வந்த தூய வளனார் கல்லூரி, 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய இன்றைய என்.ஐ.டி., 1982-ல் வந்த பாரதிதாசன் பல்கலைக்கழகம் என வரிசையாக இருக்கின்றன. 1985-ல் ராமானுஜன் கணிதக் கழகம் உருவானதும் இந்த ஊரில்தான். சமயபுரத்தைச் சுற்றியே பொறியியல் கல்லூரிகள் முளைத்திருக்கின்றன. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரையிலான கணக்கை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொள்ள விரும்பும் இளைஞர் இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவார்?

பிளஸ் டூ முடித்து இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயம் படித்தால் இடைநிலை ஆசிரியர் ஆகலாம். குழந்தை அருகில் இருக்கும், ஆராய்ச்சி எட்டாது. எம்.எஸ்சி. கணிதம், பிறகு பிஎச்.டி. என்று போனால் கிராஃப் தியரியில் ஒரு மூலை கிடைக்கும், குழந்தை காணாமல் போய்விடும். பி.எட்., எம்.எட். வழியாகக் கல்வியியலில் முனைவர் பட்டம் பெறலாம். அங்கே நான் புரட்டிய ஆய்வேடுகளில் ஒரு வகுப்புக்குப் பழைய முறை, இன்னொரு வகுப்புக்குப் புதிய முறை, முன்தேர்வு, பின்தேர்வு. புதிய முறை தோற்று நான் பார்த்ததில்லை. குழந்தை என்ன யோசித்தது என்ற ஒரு வரியையும் அவற்றில் பார்த்ததில்லை.

பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வில் 'கல்வியியல்' உண்டு, 'கணித அறிவியல்' உண்டு. கணிதக் கல்வி என்று ஒரு பாடம் இல்லை. பாடத்துக்குப் பெயரே இல்லாதபோது பதவி எங்கிருந்து வரும்? சம்பளத்தைவிட இது பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். அதன் அடியில் இன்னொன்றும் இருக்கிறது. நம் மனத்தில் ஆசிரியர்களுக்கு ஒரு படிக்கட்டு உண்டு. கல்லூரிப் பேராசிரியர் மேலே, ஒன்றாம் வகுப்பு டீச்சர் கடைசிப் படியில். பாடம் சின்னது என்றால் அதைச் சொல்பவரும் சின்னவர் என்று எண்ணுகிறோம்.

விதிவிலக்குகள் உண்டு. மும்பை மான்கூர்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பகுதியாக 1974 முதல் இயங்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் பள்ளிக் கணிதத்தில் முனைவர் பட்டம் தருகிறது. அங்கே கே. சுப்பிரமணியம் பின்னங்கள், தொடக்க இயற்கணிதம் எனப் பள்ளிக் கணிதத்தையே தம் ஆய்வுத் துறையாக வைத்துக்கொண்டவர். மையத்தின் இயக்குநராகவும் இருந்தார். சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர். ராமானுஜம் தொழிலால் கோட்பாட்டுக் கணினி அறிவியலாளர். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் வழியாகப் பள்ளிக்கூடங்களுக்குள் நடந்தவர். 2005 தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தலை ஆராய்ந்த குழுவுக்கு அவரே தலைவர். கணக்குப் போடத் தெரிவது குறுகிய நோக்கம், கணிதமாக யோசிக்கப் பழகுவது உயர்ந்த நோக்கம் என்று அந்த அறிக்கை பிரித்துக் காட்டியது. கணக்குப் பாடத்தின் முதல் நோயாகப் பயத்தைச் சொன்னது.

இவர்களுக்கு முந்திய ஒருவர் பி.கே. சீனிவாசன். பல்கலைக்கழக நாற்காலி எதுவும் இல்லாத, சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். கணித மேதை ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்து 1968-ல் வெளியிட்டார். ராயபுரத்தில் 1993-ல் ராமானுஜனுக்கு அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் அமையக் காரணமானவர். காகித மடிப்பிலும் தீக்குச்சியிலும் கணிதம் காட்டிய அவரை ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் முப்பது வயதில் அழைத்து உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 2005-ல் மறைந்தார்.

தொண்ணூறில் ஒளிந்திருக்கும் நூறு

வெளிநாட்டு ஆய்வுகளை இறக்குமதி செய்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். தமிழ்ப் பிள்ளை எண்களைத் தமிழில் கற்கிறது. இருபது என்பது இரு பத்து, முப்பது மூன்று பத்து. பெயரிலேயே பொருள் தெரிகிறது. இருபத்தொன்று என்று சொல்லும் வரிசையும் 21 என்று எழுதும் வரிசையும் ஒன்றே. இந்திப் பிள்ளைக்கு இந்த வசதி இல்லை. நூறு வரைக்கும் ஏறக்குறைய ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மனப்பாடம் செய்தாக வேண்டும். ஆனால் நமக்குத் தொண்ணூறு இருக்கிறது. எண்பதுக்கு அடுத்த பத்தின் பெயருக்குள் 'நூறு' ஒலிக்கிறது. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் ஒலிக்கிறது. 'நூற்று ஐந்து' எழுதச் சொன்னால் 1005 என்று எழுதும் பிள்ளையை எந்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியரும் அறிவார். காதில் விழுந்தபடி நூறை எழுதி ஐந்தை ஒட்டியிருக்கிறது. தொண்ணூறு ஒரு ஆறு வயது மனத்தில் என்ன செய்கிறது? அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து நமக்கு இதை ஆராய்ந்து தரமாட்டார்கள்.

பின்னத்துக்கு வந்தால் விஷயம் இன்னும் கனம். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பொன்னிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று படியேறினார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பணியாற்றிய செந்தில்பாபு இந்த உலகத்தை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூலை 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது. வெறும் மனப்பாடக் கூடம் என்று நாம் ஒதுக்கிய திண்ணையில் நினைவே ஒரு கணக்கிடும் முறையாக இருந்தது என்பதை அதில் பார்க்கலாம். நிலத்தையும் நெல்லையும் கூலியையும் அளந்த ஒரு சமூகத்தின் கணக்கு அது. யார் அளந்தார், யார் அளக்கப்பட்டார் என்ற சாதிக் கேள்வியையும் அவர் விடுவதில்லை. பழம்பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நூலை மூடிவிடுகிறார்கள்.

மா என்றால் இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இன்னொரு பக்கம் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் வரிசை. மாகாணி பதினாறில் ஒன்று. வீசம் என்றும் சொல்வோம். அந்தப் பெயரைப் பிரித்துப் பாருங்கள், மாவும் காணியும். இருபதில் ஒன்று என்பது எண்பதில் நான்கு. அதோடு எண்பதில் ஒன்றைக் கூட்டினால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. ஒரு பின்னக் கூட்டல் முழுவதும் ஒரே சொல்லுக்குள் கிடக்கிறது. பொதுப் பகுதி காண்பது எப்படி என்று ஆறாம் வகுப்பில் தொண்டை வறளக் கத்துகிறோம்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், காவிரிக் கரையில் நிலத்தை மாவும் காணியும் முந்திரியுமாக அளந்து கல்லில் வெட்டினார்கள். அந்தக் கரைப் பிள்ளைக்குப் பின்னம் இன்று பீட்சா படமாக வருகிறது.

தமிழ்நாட்டில் பெரிய முயற்சிகள் நடக்காமலில்லை. செயல்வழிக் கற்றல் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் போனது. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் திட்டம். இலட்சக்கணக்கான குழந்தைகள் கற்றுக்கொண்டிருக்கிற வகுப்பறைகளில் பத்தாண்டு உட்கார்ந்து, அரும்பிலிருந்து மொட்டுக்குப் போகும் இடத்தில் ஒரு குழந்தைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் பேராசிரியர்கள் மாவட்டத்துக்கு ஒருவராவது நமக்கு வேண்டாமா? திட்டம் மாறும்போது அட்டைகள் மாறுகின்றன, கையேடுகள் மாறுகின்றன. கற்றது என்ன என்பதைத் திட்டத்தோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டுவிடுகிறோம்.

பூக்கடைக்குத் திரும்புகிறேன். மாகாணிக் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. "அரைக்கால் தெரியும், வீசம் தெரியும். எங்கப்பாரு சொல்லுவாரு" என்றார். பேத்தி நிமிர்ந்தாள்.

"அரைக்கால்னா எவ்வளவு, அப்பாயி?"

பாட்டி ஒரு முழம் கதம்பத்தை எடுத்தார். இரண்டாக மடித்து "அரை" என்றார். இன்னொரு மடிப்பு, "கால்". மூன்றாவது மடிப்பில் பூ பிதுங்கியது. "அரைக்கால்." பேத்தி சரத்தை வாங்கி அடுக்குகளை விரலால் எண்ணினாள், எட்டு. நான்காவது மடிப்புக்கு அவள் கை போனது.

"போதும்டி, பூ நசுங்கும்" என்றார் பாட்டி.

அவள் சரத்தைக் கீழே வைத்துவிட்டு, வாழைநார் ஒன்றை உருவி எடுத்து, அதை மடிக்க ஆரம்பித்தாள்.